உபுண்டுவில் தண்டர்பேர்டை நீக்கினால் மெயில்களும் போய்விடுமா? கமாண்ட் லைனில் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

மெயிலும் காலண்டரும் ஒரே இடத்தில் வேண்டும் என்பவர்களுக்கு உபுண்டு லினக்ஸில் கைகொடுக்கும் இலவச செயலி தண்டர்பேர்ட். 2004-ல் இதன் 1.0 பதிப்பு வெளியானது. முன்பு தனி இணைப்பாக இருந்த காலண்டர், 2020-ல் வந்த 78-வது பதிப்பிலிருந்து செயலிக்குள்ளேயே இருக்கிறது.

டெர்மினலில் ஒரே வரியில் இதை இன்ஸ்டால் செய்யலாம், ஒரே வரியில் நீக்கலாம். ஆனால் நீக்கும்போது கவனிக்காமல் விட்டால், சேர்த்து வைத்த மெயில்களும் சேர்ந்தே போய்விடலாம்.

(கீழே உள்ள கமாண்டுகள் உச்சரிப்பில் தரப்பட்டுள்ளன. டைப் செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளைப் பயன்படுத்த வேண்டும்.)

இன்ஸ்டால் செய்வது எப்படி?

'சூடோ ஸ்னாப் இன்ஸ்டால் தண்டர்பேர்ட்' என்று கொடுத்து பாஸ்வேர்டை டைப் செய்தால் போதும். அப்டேட் தானாகவே வரும். உடனே வேண்டும் என்றால், 'இன்ஸ்டால்' இருக்கும் இடத்தில் 'ரெஃப்ரெஷ்' என்று மாற்றிக் கொடுக்கலாம்.

ஆப்ட், ஸ்னாப்... என்ன வித்தியாசம்?

இரண்டுமே செயலிகளை நிறுவும் முறைகள்தான். உபுண்டு 22.04 வரை தண்டர்பேர்ட் ஆப்ட் தொகுப்பாக வந்தது. 24.04-ல் இருந்து ஸ்னாப் தொகுப்பாக மாறிவிட்டது. அதில் 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று கொடுத்தாலும் உள்ளே இறங்குவது ஸ்னாப்தான். கணினியில் எது இருக்கிறது என்று தெரியவில்லையா? 'ஸ்னாப் லிஸ்ட் தண்டர்பேர்ட்' கொடுத்துப் பாருங்கள். பெயரும் பதிப்பு எண்ணும் வந்தால் அது ஸ்னாப்.

நீக்கினால் என்ன ஆகும்?

ஆப்ட் முறையில் 'ரிமூவ்' கொடுத்தாலும் 'பர்ஜ்' கொடுத்தாலும், ஹோம் ஃபோல்டரில் இருக்கும் மெயில்களை அது தொடாது. ஸ்னாப் அப்படி இல்லை. 'ஸ்னாப் ரிமூவ்' கொடுத்தால் செயலியோடு அதன் டேட்டாவும் அழிந்துவிடும். ஆனால் அழிக்கும் முன் ஒரு நகலை எடுத்து 31 நாள் வைத்திருக்கும். 'பர்ஜ்' என்பதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் அந்த நகலும் கிடையாது.

யாருக்கு ஆபத்து?

ஐமேப் முறையில் கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் பயம் வேண்டாம். மெயில்கள் சர்வரில் இருப்பதால், மறுபடி லாகின் செய்தால் வந்துவிடும். ஆனால் பாப் முறையில் இறக்கி சர்வரிலிருந்து நீக்கப்பட்ட மெயில்கள், 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்கு மாற்றியவை, கணினியில் மட்டும் உருவாக்கிய காலண்டர் ஆகியவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. போனால் போனதுதான்.

பேக்கப் எடுப்பது எப்படி?

முதலில் தண்டர்பேர்டை மூடிவிட வேண்டும். பிறகு 'சூடோ ஸ்னாப் சேவ் தண்டர்பேர்ட்' கொடுத்தால் நகல் உருவாகி, அதற்கு ஒரு எண் கிடைக்கும். இருக்கும் நகல்களைப் பார்க்க 'ஸ்னாப் சேவ்ட்'. திரும்பக் கொண்டுவர 'சூடோ ஸ்னாப் ரீஸ்டோர்' என்று போட்டு, பக்கத்தில் அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும்.

இந்த நகலும் அதே கணினியில்தான் இருக்கும். ஹார்ட் டிஸ்க் பழுதானாலோ, ஃபார்மட் செய்தாலோ இதுவும் போய்விடும். அதனால் ஹோம் ஃபோல்டரில் 'ஸ்னாப்', அதற்குள் 'தண்டர்பேர்ட்', அதற்குள் 'காமன்' என்ற ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்வது நல்லது. சேமித்த பாஸ்வேர்டுகளும் அதில் இருப்பதால் பென் டிரைவ் பத்திரம்!

செயலி திறக்க அடம்பிடித்தால்?

உடனே நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. 'தண்டர்பேர்ட்' என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு போட்டு 'சேஃப்-மோட்' என்று சேர்த்தால், கூடுதல் இணைப்புகள் இல்லாமல் திறக்கும். அப்போது சரியாக ஓடினால், கோளாறு பெரும்பாலும் ஏதோ ஒரு இணைப்பில்தான் இருக்கும். அதை மட்டும் நீக்கிப் பார்க்கலாம். மெயில்களுக்கு ஒன்றும் ஆகாது.