தமிழக ஊரக வீடுகளில் மீந்த உணவு

மீந்த உணவு என்பது ஒரு வேளை சமைத்து உண்டபின் எஞ்சும் சோறு, குழம்பு முதலியவற்றைக் குறிக்கும். தமிழ்நாட்டின் ஊரக வீடுகளில் இது உடனே கழிவாகக் கருதப்படுவதில்லை. முதலில் மனிதருக்கும், அடுத்துக் கால்நடைக்கும், இறுதியில் எருக்குழிக்கும் செல்வது வழக்கம்.

மறுபயன்பாடு

இரவில் மீந்த சோற்றில் நீரூற்றி வைத்து, மறுநாள் காலையில் பழைய சோறாக உண்பர். நுண்ணுயிர்களால் நொதித்து இது சற்றே புளிக்கும். இதன் நீர் நீராகாரம் எனப்படும். மீந்த சோற்றுடன் உப்பு, மிளகாய், சீரகம் சேர்த்து அரைத்து, வெயிலில் உலர்த்தி வடகம் இடுவதும் உண்டு. குழம்பைச் சுண்டவைத்து மறுநாளும் பயன்படுத்துவர்.

கழுநீர்

அரிசி கழுவிய நீர், வடிகஞ்சி, காய்கறித் தோல் ஆகியவை ஒரு பானையிலோ தொட்டியிலோ சேர்க்கப்படும். பேச்சுவழக்கில் இது கழனித்தண்ணி எனப்படும். தவிடு, புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து இதனை மாடுகளுக்கு வைப்பர். எனினும் விருந்தில் மீந்த சோற்றைப் பெருமளவில் மாட்டுக்கு வைப்பது தீங்கானது. இரைப்பையில் அமிலம் மிகுந்து மாடு இறக்கவும் கூடும்.

மனப்பாங்கு

சோற்றைச் சிந்துவதும் மிதிப்பதும் தவறு என்று குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படுகிறது. அதே வேளை, பழையதை உண்பது வறுமையின் அடையாளமாகவும் பார்க்கப்படுவதால், விருந்தினருக்கு அதனைப் பரிமாறத் தயங்குவர். பெண்கள் இறுதியில் உண்ணும் வீடுகளில் மீந்த உணவு பெரும்பாலும் அவர்களின் பங்காகிறது. எனவே உணவு வீணாகாமைக்கு அவர்களின் உழைப்பும் விட்டுக்கொடுத்தலும் காரணமாகும்.

மாற்றங்கள்

உழவு மாடுகளின் இடத்தை டிராக்டர் பிடித்தபின் பல வீடுகளில் மாட்டுத் தொழுவம் இல்லை. பிரஷர் குக்கரில் சமைக்கையில் வடிகஞ்சியும் கிடைப்பதில்லை. மாடும் எருக்குழியும் இல்லாத வீட்டில், முன்பு தீவனமான அதே பொருள் நெகிழிப் பையில் கட்டப்பட்டுக் குப்பைக்குச் செல்கிறது.

அளவீடு

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022 இல் உலக வீடுகளில் 63.1 கோடி டன் உணவு வீணானது. இந்திய வீடுகளுக்கான மதிப்பீடு ஆண்டுக்கு ஒருவருக்கு 55 கிலோகிராம் ஆகும். நடுத்தர வருமான நாடுகளில் நகரங்களைவிட ஊரகங்களில் வீணாவது பொதுவாகக் குறைவு என்றும் அவ்வறிக்கை குறிப்பிடுகிறது. இக்கணக்கில் கால்நடைக்கு இடப்படுவது கழிவாகாது, எருவாக்கப்படுவது கழிவாகும். ஆகவே ஒரு வீட்டில் மாடு இருப்பதும் இல்லாததும் அதன் கழிவின் அளவையே மாற்றிவிடும்.