ரேடியோவுக்குக் கட்டுப்பட்ட போர் விமானங்கள்

மாதிரிப் போர் விமானங்கள் செய்யும் பழக்கம் முதல் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வேகமாகப் பரவியது. 1919இல் தொடங்கிய கிளீவ்லாண்ட் நிறுவனம் 1/16 அளவு மாதிரிகளுக்கான வரைபடங்களையும் பால்சா மரக் குச்சிகளையும் பெட்டியில் போட்டு விற்றது. பிரிட்டனில் 1932இல் ஸ்கைபேர்ட்ஸ் என்ற பெயரில் 1/72 அளவு மர மாதிரிகள் வந்தன. ஆறடியை ஓர் அங்குலமாகச் சுருக்கும் அந்தக் கணக்கு இன்றைய பிளாஸ்டிக் மாதிரிகள்வரை நீடிக்கிறது. அதே ஆண்டில், ரப்பர் முறுக்கில் பறக்கும் ஃப்ராக் நிறுவனத்தின் சிறு போர் விமானமும் கடைக்கு வந்தது. இவற்றில் பல அலமாரியில் நின்றன. பறந்தவையோ கையை விட்டுக் கிளம்பிய பிறகு காற்றின் போக்கில் போயின. தரையில் நிற்பவரின் சொல்படி நடக்கும் போர் விமானத்துக்கு இன்னும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. ரேடியோ கட்டுப்பாடு 1937லேயே வந்துவிட்டது. ஆனால் ஒரு போர் விமானத்துக்கு வேண்டிய அத்தனை கட்டளைகளையும் ஒரே நேரத்தில், வேண்டிய அளவில் அனுப்ப அந்த ரேடியோவால் முடியவில்லை. இந்தக் கலையின் வரலாறு பெரும்பாலும் அந்தக் குறையைத் தீர்த்த வரலாறுதான்.

1937இல் டெட்ராய்ட் நகரில் நடந்த அமெரிக்கத் தேசியப் போட்டியில் ரேடியோ மாதிரிகளுக்கு முதன்முறையாகத் தனிப் பிரிவு வைக்கப்பட்டது. வென்றவர் செஸ்டர் லான்சோ. அடுத்த ஆண்டு முதல் அந்தப் பிரிவில் ஓங்கி நின்ற பெயர், மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரின் இரட்டைச் சகோதரர்கள் வால்டர் குட், வில்லியம் குட் ஆகியோருடையது. வால்டர் விமானம் கட்டுவதில் கெட்டிக்காரர். வில்லியம் அமெச்சூர் ரேடியோவில் ஊறியவர். ஏறத்தாழ எட்டடி இறக்கை விரிப்புள்ள அவர்களது ‘கஃப்’ 1938, 1939, 1940 ஆகிய மூன்று ஆண்டுகளிலும், போர் முடிந்தபின் 1947லும் வென்றது. இப்போது அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து. போர்க்காலத்தில் வால்டர் குட் பீரங்கிக் குண்டின் தலைக்குள் சிறு ரேடியோவைப் பொருத்தும் அண்மை வெடிப்பான் திட்டத்தில் பணியாற்றினார். இலக்கின் அருகே சென்றதும் தானே வெடிக்கும் குண்டு அது. பொழுதுபோக்காகக் கற்ற ரேடியோ நுட்பமும் போர்த் தொழிலும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

ஹாலிவுட் நடிகர் ரெஜினால்ட் டெனியின் கதையில் இந்த உறவு ஒரு தொழிற்சாலையாகவே வளர்ந்தது. பிரிட்டனில் பிறந்த அவர் முதல் உலகப் போரில் ராயல் ஃப்ளையிங் கோரில் இருந்தவர். 1930களில் ஹாலிவுட் பூலவார்டில் மாதிரி விமானக் கடை வைத்து, ‘டெனிபிளேன்’ என்ற மாதிரியையும் ‘டெனிமைட்’ என்ற சிறு எஞ்சினையும் விற்றார். விமான எதிர்ப்புத் துப்பாக்கி வீரர்கள் சுட்டுப் பழக, விலை மலிந்த பறக்கும் இலக்கு வேண்டும் என்பது அவர் எண்ணம். 1935இல் தன் ரேடியோ விமானத்தை ராணுவத்துக்குக் காட்டினார். 1940இல்தான் ஒப்பந்தம் கிடைத்தது. அவருடைய ரேடியோபிளேன் நிறுவனம் தயாரித்த ஓக்யூ-2 வகை விமானத்துக்கு இறக்கை விரிப்பு 3.7 மீட்டர், எடை ஏறத்தாழ 47 கிலோ, இரண்டு சிலிண்டர் எஞ்சினின் திறன் 6 குதிரைத்திறன். கவண் போன்ற ஏவுதளத்திலிருந்து கிளம்பி, சுடப்படாமல் தப்பினால் பாராசூட்டில் இறங்கும். போர் முடிவதற்குள் இந்த நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 15,000 விமானங்கள் வெளிவந்தன. 1945இல் அங்கே வேலை பார்த்த நோர்மா ஜீன் என்ற இளம்பெண்ணை ராணுவப் புகைப்படக்காரர் டேவிட் கொனோவர் படம் எடுத்தார். மர்லின் மன்றோவாக உலகம் அறிந்த பெண் அவர்தான். 1952இல் நார்த்ராப் நிறுவனம் ரேடியோபிளேனை வாங்கியது.

போர் பள்ளிக்கூடங்களையும் விட்டுவைக்கவில்லை. 1942இல் அமெரிக்கக் கடற்படை, எதிரி விமானம் எது, நட்பு விமானம் எது என்று நிழலுருவத்தைப் பார்த்தே சொல்லப் பழக்குவதற்காக 1/72 அளவில் 5,00,000 மர மாதிரிகள் செய்துதரும்படி மாணவர்களைக் கேட்டது. ஜெர்மனியின் மெஸர்ஷ்மிட்டின் வாலையும் ஜப்பானின் ஜீரோவின் இறக்கை நுனியையும் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மனப்பாடம் செய்த தலைமுறை அது. போருக்குப் பின் பணமும் நேரமும் கிடைத்தபோது அந்தத் தலைமுறையில் பலர் அதே உருவங்களைப் பெரிதாகக் கட்டத் தொடங்கினர்.

கட்ட முடிந்தது, ரேடியோவில் பறக்கவிட முடியவில்லை. 1950களில் கிடைத்த பெரும்பாலான கருவிகள் ஒற்றைச் சானல் கொண்டவை. பொத்தானை அழுத்தினால் சிக்னல் உண்டு, விட்டால் இல்லை, அவ்வளவுதான். விமானத்துக்குள் முறுக்கேற்றிய ரப்பர் ஒன்று எஸ்கேப்மென்ட் என்ற சிறு பொறியைச் சுழற்றும். முதல் அழுத்தலுக்குச் சுக்கான் வலப்பக்கம் முழுதாகத் திரும்பும். விட்டால் நடுவுக்கு வரும். அடுத்த அழுத்தலுக்கு இடப்பக்கம். சற்றே திருப்பு என்று சொல்ல வழியே இல்லை. எஞ்சின் வேகத்தையும் மாற்ற முடியாது. எரிபொருள் தீரும்வரை ஓடும். ஆகவே விமானம் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும் சுபாவம் உள்ளதாக இருக்க வேண்டும்: உடலின் மேலே இறக்கை, நுனிகள் நன்றாக உயர்ந்து நிற்கும் கோணம், இலேசான எடை. போர் விமானம் இதற்கு நேர்மாறு. அதன் இறக்கை கீழே இருக்கும். சட்டென்று உருண்டு திரும்புவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. இறக்கையின் பின்விளிம்பில் அசையும் எய்லரான் இல்லாமல் அடங்காது. சுக்கானை மட்டும் அசைக்கும் ரேடியோவை மஸ்டாங் போன்ற போர் விமான மாதிரியில் பொருத்துவது அதை உடைப்பதற்கான உறுதியான வழியாக இருந்தது.

அந்த ஆண்டுகளில் போர் விமான மாதிரிகள் கம்பியில் பறந்தன. ஜிம் வாக்கர் 1940 வாக்கில் அமெரிக்காவில் பரப்பிய முறையில், நடுவில் நிற்பவர் கைப்பிடியைச் சாய்த்தால் இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் வழியே, மூக்கை ஏற்றி இறக்கும் வால் பகுதியான எலிவேட்டர் அசையும். விமானம் வட்டமாகச் சுற்றும். கட்டிப்போட்ட விமானத்துக்கு உருளும் ஆபத்து குறைவு. அதனால் கனமான, நுணுக்கமான போர் விமானங்களைக்கூட அப்படிப் பறக்கவிட முடிந்தது. 1947இல் ரே ஆர்டன் சந்தைக்குக் கொண்டுவந்த கிளோ பிளக், தீப்பொறிக்கான சுருளையும் பேட்டரியையும் விமானத்திலிருந்தே அகற்றி எடையைக் குறைத்தது. பிற்கால ரேடியோ மாதிரிகளின் எஞ்சினிலும் பல பத்தாண்டுகள் எரிபொருளைப் பற்றவைத்தது அதுவே.

ரேடியோவில் அடுத்த படி ரீட் கருவி. டிரான்ஸ்மிட்டர் வெவ்வேறு சுருதிகளை அனுப்ப, ரிசீவருக்குள் உள்ள மெல்லிய உலோக நாக்குகளில் அந்தந்தச் சுருதிக்கு உரியது மட்டும் அதிர்ந்து மின்தொடர்பை மூடும். பத்து நாக்குகள் இருந்தால் சுக்கான், எலிவேட்டர், எய்லரான், த்ராட்டில் எல்லாம் கைக்குள் வந்துவிடும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்கு முழுதாகத்தான் போகும். வல்லவர்கள் சுவிட்சைத் தட்டித் தட்டியே இடைப்பட்ட அளவைப் பெற்றார்கள். 1960இல் சுவிட்சர்லாந்தின் ட்யூபெண்டார்ஃபில் நடந்த முதல் ரேடியோ உலகப் போட்டியில் எட் காஸ்மிர்ஸ்கியின் ‘ஓரியன்’ வென்றது. அது தாழ் இறக்கை விமானம். தாழ் இறக்கையை ரேடியோவால் ஆள முடியும் என்பது அங்கே ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.

உண்மையான திருப்பம் அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் நேர்ந்தது. டக் ஸ்பிரெங், டான் மாத்திஸ் ஆகிய அமெரிக்கர்கள் உருவாக்கிய டிஜிட்டல் விகிதக் கட்டுப்பாட்டில், குச்சியை எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு மட்டுமே சுக்கான் அசைந்தது. ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஒரு மின்துடிப்பு, அதன் நீளம் ஒரு மில்லி விநாடிக்கும் இரண்டுக்கும் இடையே, நடுநிலைக்கு ஒன்றரை. சுக்கான் போன்றவற்றை அசைக்கும் சிறு மோட்டார்ப் பொறியான சர்வோ, இன்று விற்கும் சாதாரண வகையிலும் அதே மொழியைத்தான் கேட்கிறது. ஃபில் கிராஃப்ட் இந்த வகைக் கருவிகளை நம்பகமாகச் செய்து விற்றார். 1967இல் கோர்சிகாவில் உலகப் பட்டத்தையும் வென்றார். டிரான்சிஸ்டர் எடையைக் குறைத்தது, நிக்கல்-காட்மியம் பேட்டரி மறுபடி மின்னேற்ற உதவியது. போர் விமானத்துக்கான வழி திறந்துவிட்டது.

திரைப்படத்துறை இதை உடனே பயன்படுத்திக்கொண்டது. 1969இல் வெளியான ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ படத்துக்கு, பறக்கும் நிலையில் ஜெர்மனியின் ஸ்டூக்கா குண்டுவீச்சு விமானம் அசலாக ஒன்றும் கிடைக்கவில்லை. பெர்சிவல் பிராக்டர் விமானங்களை ஸ்டூக்கா போல மாற்றிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. கடைசியில் திரையில் குத்திட்டுப் பாய்ந்தவை ரேடியோ மாதிரிகள். 1987இல் வந்த ‘எம்பயர் ஆஃப் தி சன்’ படத்திலும் பெரிய அளவு மாதிரிகள் பறந்தன.

1970களில் டாப் ஃப்ளைட் போன்ற நிறுவனங்கள் டேவ் பிளாட் வடிவமைத்த போர் விமானப் பெட்டிகளை விற்கத் தொடங்கியதும், வரைபடம் வரையத் தெரியாதவராலும் ஜீரோ கட்ட முடிந்தது. ஆனால் அசலைச் சுருக்கினால் மட்டும் நல்ல மாதிரி கிடைத்துவிடாது. காற்று சுருங்குவதில்லை. ஸ்பிட்ஃபயரின் இறக்கை விரிப்பு 11.23 மீட்டர், ஐந்தில் ஒரு பங்கு மாதிரிக்கு 2.25 மீட்டர். நீளம் ஐந்தில் ஒன்றானால் இறக்கைப் பரப்பு இருபத்தைந்தில் ஒன்றாகும், கன அளவு 125இல் ஒன்றாகும். மூன்று டன் அசலை அப்படியே வகுத்தால் 24 கிலோ வரும். பால்சாவில் கவனமாகக் கட்டியது 10 கிலோவை ஒட்டி நிற்கும். அசலின் ஒவ்வொரு சதுர மீட்டர் இறக்கையும் ஏறத்தாழ 130 கிலோவைச் சுமந்தது. மாதிரியில் அது 11 கிலோ. அதனால்தான் மாதிரி மெதுவாக இறங்க முடிகிறது. ஆனால் சிறிய இறக்கையில், அதிலும் குறுகிய நுனியில், காற்றோட்டம் எளிதில் பிரிந்துவிடும். வேகம் குறைந்த திருப்பத்தில் ஒரு நுனி முதலில் தூக்குவிசையை இழக்க, விமானம் கண்ணிமைக்கும் நேரத்தில் புரண்டு விழும். நுனியைச் சற்றே கீழ்நோக்கி முறுக்கிக் கட்டுவது இதற்கு மருந்து. அசல் ஸ்பிட்ஃபயரிலும் அந்த முறுக்கு இருந்தது.

மூக்கு குட்டையான விமானங்கள் வேறு தொல்லை தரும். ஃபோக்கே-வுல்ஃப் 190, ஜீரோ போன்றவற்றில் எஞ்சின் இறக்கைக்கு அருகிலேயே இருப்பதால், ஈர்ப்பு மையத்தை முன்னே கொண்டுவர மூக்கில் ஈயம் வைக்க வேண்டும். வாலில் குறையும் ஒவ்வொரு கிராமும் மூக்கில் பல கிராம் ஈயத்தை மிச்சப்படுத்தும் என்பதால், தேர்ந்தவர்கள் வால் பகுதிக்குப் பால்சாவைத் தராசில் நிறுத்துத் தேர்ந்தெடுப்பார்கள். மெஸர்ஷ்மிட் 109இன் ஒடுங்கிய சக்கரக் கால்கள் அசல் விமானிகளைப் படுத்திய அதே பாட்டை மாதிரியிலும் படுத்துகின்றன. சக்கரங்களை உள்ளிழுக்கும் பொறி முதலில் சர்வோவால் இயங்கியது, பிறகு அழுத்தக் காற்றால், இப்போது பெரும்பாலும் மின்மோட்டாரால்.

வெளித்தோற்றத்தில் செலவாகும் உழைப்பு பறப்பதற்கு வேண்டியதைவிட அதிகம். மரச் சட்டகத்தின் மேல் மெல்லிய கண்ணாடியிழைத் துணி ஒட்டி, பிசின் பூசி, தேய்த்து, தகடுகள் சேரும் கோடுகளைக் கீறி, ரிவெட்டுகளைப் பசைத் துளிகளாக ஆயிரக்கணக்கில் வைக்கிறார்கள். போட்டியில் நடுவர்கள் குறிப்பிட்ட ஒரே விமானத்தின் புகைப்படங்களையும் மூன்று கோண வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுவதால், எந்தப் படைப்பிரிவு, எந்த மாதம், புகைக்கறை எதுவரை என்பதெல்லாம் மதிப்பெண்ணாகும். 1989இல் ஃபிராங்க் டியானோ ஃபுளோரிடாவில் தொடங்கிய ‘டாப் கன்’ போட்டி இந்த நுணுக்கத்துக்கு உலக அளவில் பெயர்பெற்றது. இவ்வளவு பொறுமையாக ஒரு காலத்தின் இயந்திரத்தைப் படிப்பவர்கள், அருங்காட்சியகங்களுக்கு வெளியே அதிகம் இல்லை.

அளவு பெரிதாகப் பெரிதாகப் பறப்பு அசலை நெருங்கும் என்பதால் 1970களின் இறுதியில் பெருமாதிரிகள் வந்தன. மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தின் பெட்ரோல் எஞ்சினை மாற்றியமைத்து அவற்றில் பொருத்தினார்கள். 1976இல் ஜப்பானின் ஓ.எஸ். நிறுவனம் கொண்டுவந்த நான்கு வீச்சு எஞ்சின், கிறீச்சிடும் இரு வீச்சு ஒலிக்குப் பதிலாகப் போர் விமானத்துக்கு உரிய கனத்த ஓசையைத் தந்தது. ஜெட் விமானங்கள் நெடுங்காலம் உடலுக்குள் மறைந்த விசிறியால் பறந்தன. ஜெர்மனியின் குர்ட் ஷ்ரெக்லிங், வீட்டுப் பட்டறையில் செய்யக்கூடிய டர்பைனை வடிவமைத்தார். அதன் காற்றழுத்தச் சக்கரம் ஒட்டுப்பலகையால் ஆனது, கரியிழை சுற்றி வலுவூட்டியது. 1990களில் மண்ணெண்ணெய் எரிக்கும் டர்பைன்கள் கடைகளில் கிடைத்தன. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டும் அவற்றால் எஃப்-16 மாதிரி அசலின் ஓசையோடும் மண்ணெண்ணெய் வாடையோடும் பறக்கிறது.

பழைய ரேடியோவின் பெரிய ஆபத்து ஒரே அலைவரிசை. இருவர் ஒரே படிகத்தோடு டிரான்ஸ்மிட்டரை இயக்கினால், மேலே உள்ள விமானம் விழும். அதற்காக ஒவ்வொரு மைதானத்திலும் அலைவரிசை எண் எழுதிய கிளிப்புகளும் பலகையும் இருந்தன. 2005 வாக்கில் வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள், ஒவ்வொரு ரிசீவரும் தன் டிரான்ஸ்மிட்டரை மட்டும் அடையாளம் காணும்படி செய்து அந்தப் பலகையைத் தேவையற்றதாக்கின. அதே காலத்தில் பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம்-பாலிமர் பேட்டரியும் மலிந்தன. நுரையில் வார்த்த மஸ்டாங்கைக் கடையில் வாங்கி அன்று மாலையே பறக்கவிடலாம் என்றானது. இந்தப் பொருட்களே 2022க்குப் பின் உக்ரைன் போரில், கேமராக் காட்சியைப் பார்த்தபடி ஓட்டும் டிரோன்களில் ஆயுதமும் ஆயின.

விதிகளும் இறுகின. அமெரிக்காவில் 250 கிராமுக்கு மேற்பட்ட மாதிரிகள் பறக்கும்போதே தம் அடையாளத்தை ரேடியோ அலையில் அறிவிக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மைதானங்களுக்கு விலக்கு உண்டு. பிரிட்டனில் 25 கிலோவைத் தாண்டும் பெருமாதிரிகளுக்குத் தனி அனுமதி தேவை. இந்தியாவில் 2021 டிரோன் விதிகள், 25 கிலோவுக்கு உட்பட்டு, பார்வைக்கு எட்டும் தூரத்தில், கல்விக்கோ பொழுதுபோக்குக்கோ பறக்கும் மாதிரி விமானத்தைத் தனி வகையாக ஏற்கின்றன.

கட்டும் வேலை குறைந்திருக்கிறது. டாப் ஃப்ளைட் பெயரை வைத்திருந்த ஹாபிகோ 2018இல் திவாலானது. ஆயினும் வரைபடங்கள் விற்கின்றன. லேசரால் வெட்டிய விலாச் சட்டங்களை மட்டும் தரும் சிறு பட்டறைகள் இருக்கின்றன. மூக்குக் கூம்பும் விமானி அறைக் கருவிகளும் முப்பரிமாண அச்சில் வருகின்றன. பால்சா இன்றும் பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்துதான் வருகிறது.