பரப்பு சான்றாகுமா? பேரண்டத்தின் அளவும் புவிக்கு அப்பாலான உயிரும்

பேரண்டம் இவ்வளவு பெரியது, ஆகவே வேறெங்காவது உயிர் இருந்தே தீரும் என்ற வாதத்தைப் பொதுமேடைகளிலும் பாடநூல்களிலும் அடிக்கடி சந்திக்கிறோம். அறிவியலாளர்கள் பலரும் இதைத் தயக்கமின்றிச் சொல்கிறார்கள். மறுக்க முடியாதது போல் தோன்றும் இவ்வாதம் இரண்டு எடுகோள்களின் மீது நிற்கிறது. பேரண்டத்தின் அளவு நமக்குத் தெரியும் என்பது ஒன்று. உயிர் தோன்றும் வாய்ப்பு அந்த அளவையும் விழுங்கிவிடும் அளவுக்குச் சிறியதாக இருக்காது என்பது மற்றொன்று. முதல் எடுகோள் பாதிதான் உண்மை. இரண்டாவதற்கு இன்றுவரை சான்று இல்லை. பரப்பு எவ்வளவு விரிந்தாலும் அது உயிருக்குச் சான்றாகாது. அச்சான்றைத் தேடும் இடம் நம் சூரியக் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

அளந்தறிந்ததிலிருந்து தொடங்குவோம். பெருவெடிப்பு நிகழ்ந்து சுமார் 3.8 லட்சம் ஆண்டுகள் கழித்துப் பேரண்டம் போதிய அளவு குளிர்ந்தபோது, ஒளி தடையின்றிப் பாயத் தொடங்கியது. 1965-இல் பென்சியாஸும் வில்சனும் அறிவித்த நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு அந்த ஒளியே. அதன் இன்றைய வெப்பநிலை 2.725 கெல்வின், வானின் எத்திசையில் நோக்கினாலும் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் மாறுவதில்லை. இந்த மிகச் சிறிய ஏற்ற இறக்கங்களிலேயே வெளியின் வடிவம் பதிவாகியிருக்கிறது. ஆதிகால அனற்குழம்பில் ஒலியலைகள் அதுவரை எவ்வளவு தூரம் பரவியிருக்கும் என்பதை இயற்பியலைக் கொண்டு கணக்கிட முடியும். அந்தத் தூரம் இன்றைய வானில் எத்தனை பாகை அகலமாகத் தெரிகிறது என்று அளந்தால், ஒளி கடந்துவந்த வெளியின் வளைவு வெளிப்பட்டுவிடும். கோளம்போல் வளைந்த வெளியில் அந்த ஏற்ற இறக்கங்களின் புள்ளிகள் பெரிதாகத் தெரியும். சேணம்போல் வளைந்த வெளியில் சிறுத்துத் தெரியும். தட்டையான வெளியில் அவற்றின் அகலம் சுமார் 1 பாகை.

1998 டிசம்பர் இறுதியில் பூமராங் ஆய்வுக்குழு அண்டார்டிகாவின் மெக்மர்டோ நிலையத்தருகே ஒரு தொலைநோக்கியைப் பலூனில் ஏற்றி அனுப்பியது. தென்துருவத்தைச் சுற்றிவரும் காற்றோட்டத்தில் அது பத்து நாட்கள் மிதந்து, புறப்பட்ட இடத்துக்கு அருகிலேயே வந்து இறங்கியது. 2000-இல் வெளியான முடிவு, புள்ளிகளின் அகலம் சுமார் 1 பாகை என்றது. முழுநிலவின் அகலத்தைப் போல் இரு மடங்கு. பிளாங்க் விண்கலத்தின் 2018 அளவீடுகளை விண்மீன் மண்டலங்களின் பரவல் குறித்த அளவீடுகளோடு சேர்த்துப் பார்த்தபோது, வளைவைக் குறிக்கும் எண் 0.001, பிழை வரம்பு 0.002 என்று வந்தது. பிளாங்க் தரவை மட்டும் தனியே எடுத்தால் சற்றே மூடிய பேரண்டத்தின் சாயல் தெரிகிறது என்று சிலர் வாதிட்டார்கள். பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை. நானும் சேர்த்துப் பார்த்த முடிவையே நம்பத்தக்கதாகக் கொள்கிறேன்.

தட்டை என்றால் முடிவற்றது என்று பொருள் கொள்வதுதான் இங்கே நிகழும் முதல் வழுக்கல். பிழை வரம்புக்குள் பூச்சியம் இருக்கிறது. பூச்சியத்துக்குச் சற்று அப்பாற்பட்ட எண்களும் இருக்கின்றன. வெளி உண்மையில் மிக மெல்ல வளைந்து தன்னையே மூடிக்கொண்டிருந்தாலும் நம் கருவிகளுக்கு அது தட்டையாகவே தெரியும். அப்படியானால் அதன் கொள்ளளவு குறைந்தபட்சம் எவ்வளவு? அளவீடுகள் அனுமதிக்கும் வளைவிலிருந்து கணக்கிட்டால், நாம் காணக்கூடிய பேரண்டத்தைப் போல் சில நூறு மடங்கு. அதற்கு மேல் அளவீடு எதையும் சொல்வதில்லை.

வளைவே இல்லாத வெளியும் முடிவுள்ளதாக இருக்கலாம். ஒரு காகிதத்தை உருளையாகச் சுருட்டினாலும் அதன்மேல் வரைந்த முக்கோணத்தின் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையாகவே இருக்கும். ஆனால் ஒரு திசையில் நேரே சென்றால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். முப்பரிமாண வெளியும் இப்படித் தன்னோடு இணைந்திருந்தால் ஒரே பகுதியின் ஒளி இரு திசைகளிலிருந்து நம்மை வந்தடையும். பின்னணிக் கதிர்வீச்சில் ஒத்த வட்டங்கள் தோன்றும். இவ்வட்டங்களைத் தேடலாம் என்று கார்னிஷ், ஸ்பெர்கல், ஸ்டார்க்மன் மூவரும் 1998-இல் முன்மொழிந்தார்கள். பிறகு நடந்த தேடல்களில் எதுவும் சிக்கவில்லை. ஆனால் வட்டங்கள் காணப்படாததால் இணைப்புள்ள வடிவங்கள் எல்லாம் பொய்த்துவிடவில்லை என்பதைக் காம்பாக்ட் என்னும் ஆய்வுக்கூட்டணி அண்மையில் வலியுறுத்தியிருக்கிறது. ஆகவே பேரண்டம் முடிவற்றது என்பது அளவீடு தந்த முடிவு அன்று. கோட்பாடு தரும் எதிர்பார்ப்பு.

காணக்கூடிய பகுதியைப் பற்றி உறுதியாகப் பேசலாம். பேரண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள். ஒளி பயணம் செய்த காலமெல்லாம் வெளி விரிந்துகொண்டே இருந்ததால், காண்பெல்லை இன்று சுமார் 4,600 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ஆனால் அதற்குள் இருப்பதெல்லாம் நம் தொடர்புக்கு உட்பட்டதும் அன்று. விரிவு வேகம் கூடிக்கொண்டே போவதால், ஏறத்தாழ 1,650 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இன்று இருக்கும் எதுவும் இப்போது அனுப்பும் செய்தி எக்காலத்திலும் நம்மை எட்டாது. கொள்ளளவில் பார்த்தால் காணக்கூடிய பகுதியில் 20-இல் ஒரு பங்குதான் எட்டும் எல்லைக்குள் வருகிறது.

இந்தப் பரப்பு உயிருக்குப் போதுமா? டோக்கியோ பல்கலைக்கழகத்தின் வானியற்பியலாளர் தோமோனோரி தோத்தானி 2020-இல் வெளியிட்ட கணக்கு இக்கேள்வியை நேருக்கு நேர் சந்திக்கிறது. உயிரின் தொடக்கம் தன்னைத் தானே படியெடுக்கும் ஓர் ஆர்.என்.ஏ. இழை என்றும், அதன் நியூக்ளியோடைடு அலகுகள் எவ்வித உதவியுமின்றித் தற்செயலாகவே கோத்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர் வைத்துக்கொண்டார். படியெடுக்கும் திறனுக்குக் குறைந்தது 40 அலகுகளாவது வேண்டும் என்பது பொதுவான மதிப்பீடு. காணக்கூடிய பேரண்டத்தின் விண்மீன்கள், 1-க்குப் பின் 22 சுழியங்கள் இட்ட எண்ணிக்கையில் இருந்தாலும், அவை அனைத்தையும் சேர்த்து எதிர்பார்க்கக்கூடியது சுமார் 21 அலகு நீளமே என்று கணக்கு காட்டியது. மீதி 19 அலகுகள் சிறிய இடைவெளி போலத் தோன்றும். ஒவ்வோர் இடத்திலும் 4 வகைகளில் ஒன்றே சரியானது என்றால், அந்த வரிசைத் தேர்வுக்கு மட்டும் 4-ஐ 19 முறை பெருக்க வேண்டும். விடை 27,000 கோடியைத் தாண்டும். வளைவு அளவீடு உறுதியளிப்பதோ சில நூறு மடங்கு. பேரண்டம் தொடக்கத்திலேயே மிக வேகமாக விரிந்தது என்னும் பெருவீக்கக் கோட்பாட்டைக் கொண்டு தோத்தானி இந்தப் பள்ளத்தை நிரப்புகிறார்: வீக்கத்தால் விரிந்த முழுப் பேரண்டத்தில் 1-க்குப் பின் 100 சுழியங்களுக்கும் மேற்பட்ட விண்மீன்கள் இருக்கலாம், எங்கோ ஓரிடத்தில் இழை உருவாகியே தீரும் என்கிறார்.

அவரது எடுகோளை நான் அப்படியே ஏற்கவில்லை. களிமண் கனிமங்களின் பரப்பும், நனைந்து உலரும் குட்டைகளும், முன்பே உருவான இழைகள் புதியவற்றுக்கு வார்ப்பாக அமைவதும் இழைகளின் நீட்சியைத் தற்செயலுக்கு வெகுவாக மேலே கொண்டுசெல்லக்கூடும். ஆனால் அக்கணக்கு காட்டும் தர்க்கம் முக்கியமானது. வேதியியல் எளிதாக இருந்தால் உயிர் பால்வெளியெங்கும் நிறைந்திருக்கும். கடினமாக இருந்தால் காணக்கூடிய பேரண்டத்தில் நாம் மட்டுமே இருப்போம். இரண்டு நிலைகளிலும் பேரண்டம் இதே அளவுதான். அளவு இவற்றில் எதையும் ஆதரிக்கவில்லை.

நாம் இருப்பதே ஒரு சான்று அல்லவா என்று கேட்கலாம். பிரண்டன் கார்ட்டர் 1983-இல் இதற்கு விடை தந்தார்: உயிர் எவ்வளவு அரிதாக இருந்தாலும், இதைக் கேட்பவர் உயிர் தோன்றிய இடத்தில்தான் இருக்க முடியும். புவியில் உயிர் விரைவில் தோன்றியது என்பது சற்று வலுவான துப்பு. எல்லா உயிர்களுக்கும் பொதுவான மூதாதை சுமார் 420 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது என 2024-இல் ஒரு மரபியல் ஆய்வு மதிப்பிட்டது; புவியின் வயதோ 454 கோடி ஆண்டுகள். இவ்வகைத் துப்பைக் கொண்டு டேவிட் கிப்பிங் 2020-இல் செய்த புள்ளியியல் பகுப்பாய்வில், உயிர்த்தோற்றம் விரைவானது என்ற பக்கத்துக்குக் குறைந்தது 3-க்கு 1 என்ற சாய்வு கிடைத்தது. சாய்வு உண்மையானதே. ஆனால் ஒற்றை மாதிரியிலிருந்து இதைவிட அதிகம் கறக்க முடியாது.

தேவை இரண்டாவது மாதிரி. அதுவும் நம்மோடு உறவில்லாதது. இங்கே ஓர் இழுபறி இருக்கிறது. தொலைதூரப் புறக்கோளில் உயிர் இருந்தால் அது தனித்தோற்றம் என்பதில் ஐயமிருக்காது. ஆனால் அது உயிர்தானா என்பதை வளிமண்டல வாயுக்களை மட்டும் வைத்து நிறுவுவது கடினம். 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள கே2-18பி கோளில், உயிரின் அடையாளமாகக் கருதப்படும் டைமெத்தில் சல்ஃபைடு இருப்பதாக 2025-இல் எழுந்த கூற்றை வேறு குழுக்களின் பகுப்பாய்வுகள் விரைவிலேயே கேள்விக்குள்ளாக்கின. செவ்வாயில் நிலைமை தலைகீழ். பாறையை ஆய்வகத்துக்கே கொண்டுவந்து ஐயம் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் செவ்வாய்ப் பாறைகள் விண்கற்களாகப் புவியில் விழுந்துகொண்டே இருப்பதால், அங்கே கிடைக்கும் உயிர் நம் உறவினமாகவே இருக்கக்கூடும்.

இரு குறைகளும் குறைவாக உள்ள இடம் சனியின் நிலாவான என்சிலாடஸ். அதன் விட்டம் சுமார் 500 கிலோமீட்டர். தென்துருவப் பனிப் பிளவுகளிலிருந்து நீர்த்தாரைகள் பீறிடுவதை 2005-இல் காசினி விண்கலம் கண்டறிந்தது. 2015 அக்டோபரில் அது மேற்பரப்புக்கு வெறும் 49 கிலோமீட்டர் உயரத்தில் அத்தாரைகளுக்குள் புகுந்து சென்றபோது சேகரித்த தரவில் ஹைட்ரஜன் மூலக்கூறு இருப்பது 2017-இல் அறிவிக்கப்பட்டது. பனிக்குக் கீழுள்ள கடலின் அடியில் வெந்நீர் பாறையோடு வினைபுரிகிறது என்பதற்கான வலுவான அறிகுறி அது. 2023-இல் உயிருக்குத் தேவையான பாஸ்பேட்டும் உறுதியானது. அத்தனை தொலைவில், சனியின் ஈர்ப்புக்குள் ஆழமாக இருக்கும் நிலாவுக்குப் புவியின் பாறைத் துண்டு சேதமின்றிப் போய்ச் சேரும் வாய்ப்பு மிகக் குறைவு.

அங்கே முதலில் அளக்க வேண்டியது அமினோ அமிலங்களின் கைத்தன்மையை. உயிரற்ற வேதியியல், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடக்கை, வலக்கை வடிவங்களைப் பொதுவாகச் சம அளவில் உண்டாக்குகிறது. 2023-இல் பென்னு சிறுகோளிலிருந்து வந்த மாதிரியில் கண்ட அமினோ அமிலங்களும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. புவி உயிர் தன் புரதங்களுக்கு இடக்கை வடிவத்தையே எடுத்துக்கொண்டது. என்சிலாடஸின் நீரில் வலக்கை வடிவம் மேலோங்கி நின்றால் அது தனித்தோற்றம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இடக்கை மேலோங்கினால் மரபுக் குறியீடு வரை போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் வல்லுநர் குழு 2024-இல் தன் அடுத்த பெருந்திட்டத்துக்கு என்சிலாடஸையே முதல் இலக்காகப் பரிந்துரைத்தது. கலம் அங்கே தரையிறங்க 2050-களாகும். பேரண்டவியலுக்கும் உயிரியலுக்கும் இடையே நிற்கும் இக்கேள்விக்கு உரிய மாதிரி அங்கே பனித்துகளாக வெளியே வீசப்பட்டுக்கொண்டிருக்கும்போது, அத்திட்டத்தின் காலவரையறை தள்ளிப்போகாமல் காப்பது அறிவியல் நிறுவனங்களின் முதற்கடன்களில் ஒன்றாக இருக்க வேண்டும்.