அளந்து காத்த அறிஞர்

அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சாகும் என்பது தமிழர் கண்ட உண்மை. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சால் செய்யப்படும் மருத்துவத்திற்கு இவ்வுண்மை முற்றும் பொருந்தும். கதிரின் அளவு குறையுமாயின் நோய் எஞ்சும். மிகுமாயின் நோயோடு நல்ல தசையும் அழியும். எவ்வளவு தேவை என்று மருத்துவர் விதிக்கிறார். விதித்த அளவு பிழையின்றிச் சென்று சேர வழி செய்பவரோ மருத்துவமனை இயற்பியலாளர். நோயாளியின் கண்ணிற் பெரும்பாலும் படாத அப்பணிக்கு அடித்தளம் இட்டோருள் ஒருவர் லூயி ஹெரால்ட் கிரே.

1895-ஆம் ஆண்டில் ரோண்ட்கன் ஊடுகதிரைக் கண்டறிந்தார். 1898-இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டனர். இவ்விரண்டையும் கொண்டு நோய் தீர்க்கும் முயற்சிகள் விரைவிலேயே தொடங்கின. ஆயினும் அளந்து கொடுக்க வழியில்லை. நோயாளியின் தோல் சிவப்பதையே பலர் அளவுகோலாகக் கொண்டனர். இக்குறையைக் களைய, இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் சிட்னி ரஸ் போன்ற இயற்பியலாளர்கள் முதல் உலகப் போருக்கு முன்பே பணியாற்றத் தொடங்கினர். 1928-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய அனைத்துலக மாநாடு ‘ரோண்ட்கன்’ என்னும் அலகை ஏற்றது. எனினும் அவ்வலகு, கதிர் காற்றில் விளைவிக்கும் மாற்றத்தையே அளந்தது. உடலின் தசை ஏற்கும் ஆற்றலை அது நேரே கூறவில்லை.

1905-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் இங்கிலாந்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் கிரே. உபகாரச் சம்பளம் பெற்றுப் பயின்று, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியை அடைந்தார். பின்னர், ரதர்போர்டின் தலைமையில் இயங்கிய கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்தார். 1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தது அக்கூடத்திலேதான். புகழ் தேடிவரும் அவ்விடத்தை விட்டு, 1933-இல் இலண்டனை அடுத்த நார்த்வுட்டில் உள்ள மவுண்ட் வெர்னான் மருத்துவமனையில் இயற்பியலாளராகச் சேர்ந்தார் கிரே. அணுவை ஆராய்ந்த அறிவு நோயுற்றோர்க்குப் பயன்படலாயிற்று.

அவர் எதிர்கொண்ட சிக்கல் எளிதன்று. மனிதனின் உடல் முழுவதும் ஒரே வேளையில் ஏற்றால் உயிருக்கே கேடு விளைவிக்கக்கூடிய கதிரின் ஆற்றல், அவ்வுடலின் வெப்பத்தை ஏறத்தாழ ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கே உயர்த்தும். வெப்பமானியால் இதை எங்ஙனம் அறிவது? தசையினுள் அளவுகோலை வைக்கவும் இயலாது. கிரே வேறு வழி கண்டார். திடப்பொருள் ஒன்றினுள் மிகச் சிறிய காற்றறையை அமைத்தால், அக்காற்றில் விளையும் மின்னணு மாற்றத்தைக் கொண்டே, சுற்றியுள்ள பொருள் ஏற்ற ஆற்றலைக் கணக்கிடலாம் என்று 1936-இல் விளக்கினார். வில்லியம் பிராக் முன்னரே இக்கருத்தைத் தொட்டிருந்தமையால், இது ‘பிராக்–கிரே கோட்பாடு’ எனப் பெயர் பெற்றது.

அளந்தறிந்ததோடு அவர் அமையவில்லை. ஒரே அளவுக்குச் சில கட்டிகள் அழிய, சில பிழைப்பது ஏன் என்ற வினா அவரை உறுத்தியது. பிராணவாயு குன்றிய உயிரணுக்கள் கதிரை எதிர்த்து நிற்பதை 1953-இல் அவரும் தோழர்களும் எடுத்துக்காட்டினர். அத்தகைய உயிரணுக்களை அழிக்க ஏறத்தாழ மூன்று மடங்கு கதிர் வேண்டியிருந்தது. 1955-இல் தாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் கட்டிகளை ஆராய்ந்தனர். இரத்தக் குழாய்களிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு தொலைவுக்குள்ளேயே பிராணவாயு தீர்ந்துபோவதை விளக்கினர். கதிரைப் பல தவணைகளாகப் பிரித்துக் கொடுக்கும் பழைய முறை ஏன் பயன் தருகிறது என்பதற்கு ஒரு காரணத்தைப் பின்வந்தோர் காண இவ்வாய்வு உதவியது.

1965-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் கிரே மறைந்தார். பத்தாண்டுகளுக்குப் பின், 1975-இல், ஒரு கிலோகிராம் பொருள் ஏற்கும் ஒரு ஜூல் ஆற்றலுக்குக் ‘கிரே’ என்றே பெயரிடப்பட்டது. முந்தைய ‘ராட்’ அலகில் இது 100-க்குச் சமம். இன்று உலகெங்கும் மருத்துவர்கள் எழுதும் கதிர் மருத்துவச் சீட்டுகளில் அப்பெயர் இடம்பெறுகிறது. நாளொன்றுக்கு 2 கிரே வீதம் 25 தவணைகளில் 50 கிரே என்பது அவர்கள் நன்கறிந்த கணக்கு.

இக்கணக்குப் பிறழாது காப்பதே மூத்த இயற்பியலாளரின் கடமை. நோயாளிகள் வருமுன் எந்திரத்தைச் சோதிக்கச் செய்தல், கதிர் செல்லும் கோணங்களை வகுத்தல், கணக்கை மற்றொருவரைக் கொண்டு சரிபார்த்தல், ஐயம் எழுந்தால் எந்திரத்தை நிறுத்துதல் ஆகியன அப்பணியுள் அடங்கும். நோயாளி நலமுற்று வீடு திரும்புகையில் மருத்துவரை வாழ்த்துவார். இயற்பியலாளரின் பெயரை அறியார். அறியாவிடினும் அவர் உயிரைக் காத்தவற்றுள் அத்துல்லியமும் ஒன்று.

கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினால் என்னவாம் என்று கேட்கும் மாணாக்கருக்குக் கிரேயின் வாழ்வு தக்க விடையாகும். ஏட்டில் அது ஒரு மதிப்பெண்; மருத்துவமனையில் அது ஓர் உயிர்.