கைப்பொருளும் பெயர்ப்பொறியும்

தமிழெழுத்தின் தொன்மையை ஆராயப் புகுவோர் முதற்கண் நாடுவது மலைக்குகைகளில் வெட்டப்பெற்ற கல்வெட்டுகளையே. மாங்குளத்திலும் புகளூரிலும் சம்பையிலும் உள்ளவை அரசரும் வணிகரும் முனிவர்க்கு உறையுள் அமைத்துக் கொடுத்த அறச்செயலை உலகறியச் சொல்லுகின்றன. அவை இருந்த இடத்திலேயே இருப்பவை. ஊரார்க்கும் பின்னோர்க்கும் உரியவை. ஆனால் அதே காலத்தில் அதே எழுத்து வேறொரு வாழ்வும் வாழ்ந்தது. மக்கள் இடுப்பில் செருகியும் விரலில் அணிந்தும் உறியில் தூக்கியும் கொண்டுசென்ற சிறு பொருள்களின் மேல் அவ்வெழுத்து ஏறி நின்றது. அவ்வாழ்வைப் பற்றிச் சில கருத்துகளை அறிஞர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1945-இல் அரிக்கமேட்டில் வீலர் நடத்திய அகழாய்வு, எழுத்துப் பொறித்த பானையோடுகளை அறிஞர் உலகின் கவனத்துக்குக் கொணர்ந்தது. 1985 முதல் நொய்யற்கரைக் கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள் அத்தகைய ஓடுகளைப் பெருந்தொகையாகத் தந்தன. பதிற்றுப்பத்து அணிகலத்தோடு சேர்த்துப் பேசும் கொடுமணம் இவ்வூரே என்பர். கண்ணன் ஆதன், சம்பன் சுமணன் என்னும் பெயர்கள் இவ்வோடுகளில் உள்ளன. கரூரில் அமராவதியாற்று மணலிலிருந்து ஆட்பெயர் பொறித்த மோதிரங்கள் கிடைத்துள்ளன. இவற்றில் வாழ்த்தில்லை, மெய்க்கீர்த்தி இல்லை, கொடைச் செய்தியும் இல்லை. பெரும்பாலும் ஒரு பெயர் மட்டுமே உண்டு.

இப்பெயர்களை எழுதிய முறை நுணுகி நோக்கத்தக்கது. செங்கடற்கரையில் குசேர் அல்-காதிம் என்னுமிடத்தில் 1978 முதல் 1982 வரை நடந்த அகழாய்வில் கிடைத்த ஓடுகளில் 'கணன்', 'சாதன்' என்று காணப்படுகின்றது. இவை கண்ணன், சாத்தன் என்பனவே. இரட்டித்த மெய்யை ஒற்றையாக எழுதுவது அக்கால வழக்கு. மெய் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்திருப்பினும், இவ்வோடுகளுட் பெரும்பாலானவற்றில் புள்ளி இல்லை. சில ஓடுகளில் வெற்றெழுத்தே அகரமேறிய மெய்யைக் குறிக்கும்; வேறு சிலவற்றில் அவ்வெழுத்தே தனிமெய்யைக் குறிக்க, அகரத்துக்குத் தனிக்கோடு இடுவர். இன்று படிப்போர் இடர்ப்படுவது இதனாலேயே. அன்று படித்தோர் இடர்ப்பட்டிருப்பார் எனத் தோன்றவில்லை. சாத்தனை அறிந்தவனுக்குச் சாதன் என்றெழுதினாலும் சாத்தனே. பெயரைப் படிக்குமுன்பே பெயருடையானை அறிந்தோர்க்காக எழுதப்பெற்ற எழுத்து இது என்பது என் கருத்து. குகைக் கல்வெட்டின் படிப்பாளன் அயலான். பானையோட்டின் படிப்பாளன் அண்டைவீட்டான்.

இவ்வோடுகளைச் சான்றாகக் காட்டிச் சங்ககாலத்தில் கல்வி எளிய மக்கள்வரை பரவியிருந்தது என்று உரைப்பது வழக்கமாகிவிட்டது. உவப்பான முடிபு இது. எனினும் சற்றே தயங்கவேண்டும் என்பேன். என் பாட்டியாரின் பித்தளைச் சொம்பு இன்றும் என் இல்லத்தில் உள்ளது. அதன் கழுத்தில் அவர் பெயரும் தந்தையாரின் முதலெழுத்தும் அழகுற வெட்டப்பட்டிருக்கின்றன. பாட்டியாரோ எழுத்தறியாதவர். பாத்திரக்கடையில் பெயர் வெட்டுவோன் திருமணச் சீரில் வந்த கலங்களுக்கெல்லாம் வெட்டிக் கொடுத்தது அது. ஆயினும் பந்தியில் பல சொம்புகள் கலந்து கிடந்த வேளையில் தம் சொம்பை அவர் தவறாது எடுத்துவிடுவார். வெட்டு இருக்குமிடத்தை விரலால் தடவி, 'இது நம்மது' என்பார். அவருக்கு அவ்வெழுத்துகள் ஒலியைக் குறித்தனவல்ல, தம்மைக் குறித்தன. ஈராயிரம் ஆண்டுக்கப்பால் ஒருவர் அச்சொம்பைத் தோண்டியெடுத்து, இப்பெயருடையாள் கற்றவள் என்று எழுதுவாராயின், அது பிழையாகும்.

அங்ஙனமாயின் பானையோடுகள் கல்விக்குச் சான்றாகா என ஒதுக்கிவிடலாமோ? ஒதுக்கலாகாது. பாத்திரக்கடை வெட்டில் எழுத்தின் வடிவம் ஒரு கையினது. ஒரே அச்சில் வார்த்தாற்போல் இருக்கும். ஓடுகளிலோ கைகள் பல. எழுதுமுறைகளும் பல என்று மேலே கண்டோம். மேலும், பெரும்பாலான பெயர்கள் கலத்தைச் சுட்டபின் கீறப்பட்டவை. ஈரமண்ணில் எழுதியிருந்தால் குயவன் எழுதினான் எனலாம். சுட்ட கலத்தின் வன்மையான மேற்பரப்பில் கூர்முனையால் கீறியிருப்பதால், கலம் குயவன் கையை விட்டு நீங்கியபின் எழுதியது என்று கொள்ளுதலே பொருந்தும். உடையவன் தானே கீறினானோ, எழுத்தறிந்த அயலானிடம் கொடுத்துக் கீறுவித்தானோ, கீறவல்ல கைகள் ஓரூரில் ஒன்றிரண்டல்ல, பல இருந்தன. சான்று தரும் முடிபு இவ்வளவே. ஆயினும் இது சிறிதன்று.

எழுத்தறியாதார்க்கும் குறி இருந்தது. கொடுமணல் ஓடுகளில் எழுத்துகளோடு கீறற்குறிகளும் ஏராளமாக உள்ளன. எழுத்து வந்ததும் குறி மறைந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980-இல் பெருங்கற்காலப் புதைகுழியொன்றில் கிடைத்த வெண்கல முத்திரை இதற்குத் தக்க சான்று. மேல்வரியில் குறிகள், கீழ்வரியில் பிராமி எழுத்துகள். அதனைக் 'கோவேத' என்று படித்துள்ளனர். குறியை அறிந்தவன் மேல்வரியைக் காண்பான். எழுத்தை அறிந்தவன் கீழ்வரியைப் படிப்பான். இருவர்க்கும் அறியப்படுபவன் ஒருவனே. அவன் இறந்தபோது அம்முத்திரையையும் உடன்வைத்துப் புதைத்தனர். நம் மொழியில் 'பொறி' என்னும் சொல் அடையாளத்தையும் முத்திரையையும் எழுதிய எழுத்தையும் ஒருங்கே உணர்த்துவதும், 'எழுதுதல்' என்பது ஓவியம் தீட்டுதலுக்கும் உரியதாயிருந்ததும் இங்கே நினைக்கத்தக்கன.

கல்லிலும் உலோகத்திலும் ஓட்டிலும் உள்ளவையே நமக்கு எஞ்சின. அக்கால ஓலை ஒன்றுகூட எஞ்சவில்லை. எனினும் ஓலை எவ்வாறு ஓராளுக்கு உரியதாயிற்று என்பதை இளங்கோவடிகள் காட்டியிருக்கின்றார். மாதவி கோவலனுக்கு இருமுறை மடல் விடுக்கின்றாள். முன்னது தாழை மடலில் பித்திகை அரும்பை எழுத்தாணியாகக்கொண்டு செம்பஞ்சுக் குழம்பால் தீட்டியது. அதனைக் கோவலன் ஏற்க மறுக்கின்றான். பின்னது மதுரைப் புறத்தே கோசிகன் கொணர்ந்த, மண்பொறி இட்ட முடங்கல். அம்மண்ணில் பதிந்திருந்த கூந்தலின் நெய்ம்மணமே அனுப்பியவள் யார் என்பதை முதலில் உணர்த்துகின்றது. ஓலையைப் பிரித்துப் படிப்பது அதன் பின்னரே. பாட்டியாரின் விரல் செய்ததை இங்கே கோவலனின் மூக்குச் செய்கின்றது. (மகளிர் காதில் அணிந்ததும் ஓலை, கையில் எழுதியதும் ஓலை. தோடு என்னும் பெயரும் இரண்டிற்கும் உரியதே. இதனை விரித்தால் தனிக்கட்டுரையாகும்.)

ஊருக்குள் இருக்கும்வரை பெயரெழுத்துக்கு வேலை குறைவு. அறிந்தோர் நடுவே அறியப்பட்டவனுக்குப் பெயர் எழுதிக் காட்டவேண்டிய தேவை எவ்வளவு? கலம் கடல் கடந்தபின் நிலை வேறு. செங்கடல் துறையில் பல நாட்டார் சரக்குகள் குவிந்த இடத்தில் கணனும் சாதனும் தம் கலங்களைத் தமிழெழுத்தாலேயே அடையாளப்படுத்தினர். அத்துறைக்குரிய கிரேக்க எழுத்தை நாடவில்லை. ஆகவே அக்குறி உடன்வந்த தமிழர்க்கே ஆனது. அங்கும் ஓர் அண்டைவீடு இருந்தது என்று கொள்ளவேண்டும். அதே குசேரில் கிடைத்த மற்றோர் ஓட்டில் 'பானை ஒறி' என்றுள்ளது. உறியில் தொங்கவிட்ட பானை என்பது பொருள். உறி என்னாது ஒறி என்றெழுதியவன் தன் வாயில் வந்தவாறே எழுதினான். சான்றோர் செய்யுளில் இடம்பெறாத பேச்சுத்தமிழ், எகிப்தியக் கரையில் ஓர் உடைந்த ஓட்டில் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. மொழி வரலாறு எழுதுவோர் இவ்வோடுகளைப் பெயர்ப்பட்டியலாக மட்டும் கருதுதல் கூடாது.

கிழக்கே தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பாட் என்னுமிடத்தில் கிடைத்த சிறு கல் இவற்றினும் வியப்பானது. பொன்னின் மாற்று அறிய உதவும் உரைகல் அது. எழுத்தமைதி கொண்டு கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டினது என்பர். அதிலுள்ளது 'பெரும்பதன் கல்'. இங்கும் ஒற்று இரட்டிக்கவில்லை. பெரும்பத்தன் கல் என்று கொள்ளவேண்டும். பத்தர் என்பது பொற்கொல்லரைக் குறிக்க இன்றும் தமிழ்நாட்டில் வழங்கும் சொல். எனவே பெரும்பத்தன் என்பது அவனுக்குப் பெற்றோர் இட்ட பெயரோ, தொழிலில் மூத்தவன் என்னும் சிறப்போ என்ற வினா எழுகின்றது. எனக்குப் பின்னதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. மாற்று உரைத்துச் சொல்பவனை நம்பியே பொன் கைம்மாறும். அயல்நாட்டுத் துறையில் அவன் தந்தை இட்ட பெயரை அறிந்தோர் சிலரே இருப்பர். மடியில் கட்டித் திரிந்த கல்லின்மேல் அவன் எழுதிக்கொண்டது தன் தொழிலை. அதனையடுத்து எழுதியது, அப்பொருள் தன்னுடையது என்பதை மட்டுமே.