பசை என்று ஒதுக்கப்பட்ட உயிரணுக்கள்

ஓசூர் வழியாகப் பெங்களூர் நகருக்குள் நுழையும் தமிழர்க்கு நிம்ஹான்ஸ் என்னும் பெயர் புதியதன்று. தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும், நரம்பு நோயால் வருந்தும் உற்றாரை அழைத்துக்கொண்டு அங்கே வருவோர் பலர். அந்நகரிலேயே குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுள், ஊரிலிருந்து வந்த உறவினருக்குத் துணையாக அதன் புறநோயாளர் பகுதியில் பொழுதெல்லாம் காத்திருந்தவர்களும் பலர். மருத்துவமனையை யாவரும் அறிவர். அதன் ஆய்வுக்கூடங்களில் நடைபெறும் ஆராய்ச்சியையும், அவ்வாராய்ச்சிக்குப் பொருள் வந்த வழியையும் அறிந்தவர் சிலரே. அவ்வரலாற்றில் ஒரு பகுதியை இங்கே காண்போம்.

மூளை என்றவுடன் நரம்பணுக்களே நம் நினைவுக்கு வருகின்றன. செய்தி கடத்துவன அவை. எண்ணுவதும் நினைப்பதும் அவற்றின் தொழில் என்று பள்ளியில் பயின்றிருக்கிறோம். ஆயினும் மூளையில் வாழ்வன அவை மட்டும் அல்ல. 2009ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு அறிஞர்கள் வெளியிட்ட கணக்கின்படி, மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஏறக்குறைய அதே தொகையில் நரம்பணு அல்லாத பிற உயிரணுக்களும் உள்ளன. இவற்றுட் பெரும்பகுதிக்குக் கிளையா என்று பெயர். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குப் பசை என்பது பொருள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ப் விர்க்கோ, நரம்பணுக்களை ஒன்றாகப் பிடித்து வைக்கும் பொருள் இது என்று கருதி இப்பெயரை வழங்கினார். பெயர் நிலைத்துவிட்டது. பெயரோடு அலட்சியமும் நிலைத்துவிட்டது.

1906ஆம் ஆண்டில் நரம்பு மண்டலத்தின் அமைப்பை விளக்கியமைக்காக இத்தாலியரான கால்ஜிக்கும் ஸ்பானியரான கஹாலுக்கும் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அதன்பின் உலகின் கவனம் நரம்பணுவின்மீது குவிந்தது. ஸ்பெயின் நாட்டிலேயே ரியோ ஒர்தேகா என்னும் அறிஞர், 1919ஆம் ஆண்டு தொடங்கி வெளியிட்ட ஆய்வுகளில், கிளையா என்பது ஒரே வகை அன்று என்று காட்டினார். விண்மீன் வடிவிலமைந்த ஆஸ்ட்ரோசைட் நரம்பணுவுக்கு ஊட்டம் சேர்க்கிறது. அதைச் சூழ்ந்து மிகும் வேதிப் பொருள்களை அகற்றுகிறது. ஒலிகோடென்ட்ரோசைட், மின்கம்பிக்கு உறையிடுவதுபோல் நரம்பிழைக்கு உறையிடுகிறது. மைக்ரோகிளையா அழிந்த பொருள்களைத் துப்புரவு செய்து, நோய்க் கிருமிகளை எதிர்க்கிறது. உழுகிறவனுக்குக் கஞ்சி கொண்டு செல்பவரும், வரப்பைக் காப்பவரும், களை பறிப்பவரும் இன்றி வயல் விளையாது அன்றோ? இவற்றின் தொழிலும் அத்தகையதே. இவ்வுண்மைகள் முழுமையாகத் தெளிவாவதற்குப் பல பத்தாண்டுகள் சென்றன.

இனிப் பெங்களூருக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் மனநோயாளர் காப்பகமாகத் தொடங்கிய நிலையம், 1925ஆம் ஆண்டில் மனநோய் மருத்துவமனை என்னும் பெயரைப் பெற்றது. மைசூர் அரசின் பொருளால் அது நடந்து வந்தது. நாட்டிற்கு மனநல ஆராய்ச்சி நிலையம் வேண்டும் என்று 1946ஆம் ஆண்டில் போர் குழு பரிந்துரைத்தது. அதன் பயனாக 1954ஆம் ஆண்டில் அம்மருத்துவமனையை ஒட்டியே அகில இந்திய மனநல நிலையம் நிறுவப்பட்டது, டாக்டர் எம். வி. கோவிந்தசுவாமி அதன் முதல் தலைவராக இருந்தார். 1974ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் இரண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டு, நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நரம்பியல் நிலையம் ஆயிற்று. நோயாளியின் கட்டிலும் ஆய்வாளரின் நுண்ணோக்கியும் ஒரே வளாகத்தில் அமைந்ததே இந்நிலையத்தின் தனிச்சிறப்பு.

இச்சிறப்பு எவ்வாறு பயன்பட்டது என்பதற்கு ஒரு நோயை எடுத்துக்கொள்வோம். கைகால்களை அசைக்கும் நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழிந்துபோகும் நோயை மோட்டார் நியூரான் நோய் என்பர். கை மெலியும், நடை தளரும், நா குழறும், இறுதியில் மூச்சு விடுவதும் அரிதாகும். அறிவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். இந்நோயின் ஒரு தனி வகை நம் தமிழ்நாட்டோடு தொடர்புடையது. இளவயதிலேயே தோன்றி, செவிப்புலனையும் பாதித்து, ஆனால் மெதுவாக வளரும் அவ்வகையை, சென்னை மருத்துவர்களான மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் 1970ஆம் ஆண்டில் உலகுக்கு எடுத்துரைத்தனர். மருத்துவ நூல்களில் அது இன்றும் மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய் என்றே வழங்கப்படுகிறது. தென்னிந்தியாவின் இத்தகைய நோயாளிகள் பலர் பின்னர் நிம்ஹான்ஸ் மருத்துவர்களிடமும் வந்தனர்.

அழிவது நரம்பணு, ஆதலால் குற்றமும் நரம்பணுவிலேயே இருத்தல் வேண்டும் என்பது நெடுங்கால நம்பிக்கை. நிம்ஹான்ஸின் நரம்பு உடலியங்கியல் துறையினர், டாக்டர் டி. ஆர். ராஜு முதலியோர், வேறொரு வழியில் சென்றனர். இந்நோயாளிகளின் முதுகுத் தண்டைச் சூழ்ந்துள்ள நீரை எடுத்து, பிறந்து சில நாட்களேயான எலிக்குட்டிகளின் தண்டுவடத்தைச் சூழச் செலுத்தி நோக்கினர். ஆங்கிருந்த ஆஸ்ட்ரோசைட்டுகள் கிளர்ச்சியுற்றுப் பருத்தன. 1998ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டான் கிளீவ்லண்ட் குழுவினர், மரபணுப் பழுதுள்ள நரம்பணுவும் நலமுள்ள துணை அணுக்கள் சூழ இருந்தால் நெடிது வாழ்கிறது என்றும், நலமுள்ள நரம்பணுவும் பழுதுற்ற துணை அணுக்களிடையே தீங்குறுகிறது என்றும் சுண்டெலிகளில் காட்டினர். 2016ஆம் ஆண்டில் நிம்ஹான்ஸ் குழு மேலும் ஒரு படி சென்றது. நோயாளியின் நீரில் வைக்கப்பட்ட ஆஸ்ட்ரோசைட்டுகள், நரம்பணுவைப் பேணும் பொருள்களைக் குறைத்து, அழற்சியைத் தூண்டும் பொருள்களை மிகுதியாகச் சுரக்கின்றன என்று அது கண்டது. பேணும் கையே ஊறு செய்யும் கையாக மாறுகிறது என்பது புலனாயிற்று.

1970 முதல் 2016 வரை 46 ஆண்டுகள். நம் நாட்டில் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றுக்கு வழங்கப்படும் பொருளுதவி பெரும்பாலும் 3 ஆண்டுகளுக்கே உரியது. மூன்றாண்டில் முடிவு காட்டு என்று கேட்கும் பணத்தால், பசை என்று பெயர் பெற்ற ஒன்றை ஆராயத் துணிவது எளிதன்று. நாடு முழுவதும் ஆராய்ச்சிக்குச் செலவிட்ட தொகை, 2020–21ஆம் ஆண்டில் மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காடே. எனவே நீண்ட காலம் பொறுத்திருக்கும் பொருள் எங்கிருந்து வரும் என்பது மிக முக்கியமான கேள்வியாகிறது.

பெங்களூர் இதற்கு முன்னரே ஒரு விடை கண்டிருந்தது. ஜாம்செட்ஜி டாடா தம் சொத்தில் ஒரு பகுதியை ஒதுக்க, மைசூர் அரசு 1907ஆம் ஆண்டில் 371 ஏக்கர் நிலம் வழங்க, 1909ஆம் ஆண்டில் இந்திய விஞ்ஞான நிலையம் பிறந்தது. அரசும் தனவந்தரும் கைகோத்த அம்மரபு, மூளை ஆராய்ச்சியிலும் தொடர்ந்தது. 2014ஆம் ஆண்டில் இன்போசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன், அதே நிலையத்தில் மூளை ஆராய்ச்சிக்குப் பத்தாண்டுகளுக்கு 225 கோடி ரூபாய் அளிக்க முன்வந்தார். அவ்வாறு தோன்றிய மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தில் 45 வயதுக்கு மேற்பட்ட 10,000 கிராம மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து நோக்கும் திட்டத்தை மேற்கொண்டது. 2023ஆம் ஆண்டில் ரோகிணி நீலேகணி 100 கோடி ரூபாயை நிம்ஹான்ஸுக்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையத்துக்கும் ஐந்தாண்டுக்கு அளித்தார். சென்னை ஐ.ஐ.டி.யிலும் கோபாலகிருஷ்ணன் கொடையால் 2022ஆம் ஆண்டில் மூளை மையம் ஒன்று தொடங்கியது.

செல்வர் மட்டுமே கொடுக்க வல்லவர் என்று எண்ணுதல் வேண்டா. 2014ஆம் ஆண்டுக் கோடையில், பனிநீரைத் தலையில் கொட்டிக்கொள்ளும் ஒரு விளையாட்டு அமெரிக்காவில் பரவியது. அதன் வழியே மோட்டார் நியூரான் நோய்க்கான சங்கத்துக்குச் சிறுசிறு தொகைகளாகச் சேர்ந்தது 11.5 கோடி டாலர்.

பணத்தினும் அரிய கொடை ஒன்று உண்டு. எலியும் கண்ணாடிக் குப்பியும் ஓர் அளவுக்கே வழி காட்டும். நோயுற்ற மனிதமூளையில் ஆஸ்ட்ரோசைட்டும் மைக்ரோகிளையாவும் எந்நிலையில் இருந்தன என்பதை மனிதமூளையே சொல்லல் வேண்டும். இதற்கென 1995ஆம் ஆண்டில் நிம்ஹான்ஸில் டாக்டர் எஸ். கே. சங்கரின் முயற்சியால் மனித மூளை வங்கி ஏற்பட்டது. மத்திய அரசின் ஆராய்ச்சித் துறைகள் பொருள் உதவின. ஆனால் அவ்வங்கியில் வைப்பாக இருப்பது ரூபாய் அன்று. இறந்தோரின் மூளைத் திசு. ஒருவர் உயிர் பிரிந்த சில மணி நேரத்திற்குள், துயரத்தின் நடுவே, அவர் குடும்பத்தார் இசைவு தந்தால்தான் அது கிடைக்கும். உடல் முழுமையாக எரியூட்டப்படல் வேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ்ந்து வேரூன்றியது. அதனை எளிதில் கடிந்து பேசுவதற்கில்லை. எனினும் அந்நேரத்தில் ஆம் என்று சொன்ன குடும்பங்கள் உண்டு. அவர்களின் பெயர் எந்தக் கட்டிடத்தின் முகப்பிலும் பொறிக்கப்படுவதில்லை.

மோட்டார் நியூரான் நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் கிடைத்திலது. துணை அணுக்களைத் திருத்தினால் நரம்பணு பிழைக்குமா என்பது ஆராயப்பட்டு வருகிறது. விடை எப்போது வரும் என்று உறுதி கூறுவார் இல்லை. அதுவரை அரசின் நிதி இடையறாது வரல் வேண்டும். செல்வரின் கொடை ஆண்டுகளைப் பொறுத்தல் வேண்டும். குடும்பங்களின் இசைவு வேண்டும். பிறந்த ஊரை விட்டுப் பெங்களூரில் வாழும் நம்மவர், அம்மருத்துவமனையின் பயனை ஏராளமாகப் பெற்றவர்கள். மூளை தானம் என்பது என்ன, அதற்கு யார் இசைவு தருதல் வேண்டும் என்பதை, உடல் நலத்தோடு இருக்கும்போதே வீட்டில் அமர்ந்து பேசிக்கொள்வது, அக்கடனைத் திருப்பிச் செலுத்தத் தொடங்கும் ஒரு வழியாகும்.