சமன் ஆறு யாருடையது?

உணவகத்தில் சமன் மீன் வெட்டும்போதெல்லாம் எனக்கு ரெஸ்ரிகூச் ஆறுதான் நினைவுக்கு வரும். கியூபெக்கிற்கும் நியூ பிரன்சுவிக்கிற்கும் நடுவில் ஓடுவது. 1880இல் நியூயோர்க் பணக்காரர்கள் அங்கே ஒரு சமன் கழகம் தொடங்கி, நல்ல மடுக்களை விலைக்கும் குத்தகைக்கும் எடுத்தார்கள். வண்டர்பில்ட் காட்டுக்குள் தனக்கொரு மரவிடுதியே கட்டுவித்தார். துரைமார் தூண்டில் போட, கோலூன்றித் தோணி விட்டு மீன் நிற்கும் இடம் காட்டியவர்களில் மிக்மாக் ஆட்களும் இருந்தார்கள். கூலிக்கு, தங்கள் ஆற்றிலேயே!

அதே சனம் தங்கள் வயிற்றுக்கு வலை போட்டால் குற்றம். 1981 ஜூனில் லிஸ்ருகுச் கிராமத்துக்குள் நூற்றுக்கணக்கான கியூபெக் பொலிசார் புகுந்தார்கள். வலைகளைப் பறித்தார்கள், ஆட்களை அடித்துப் பிடித்தார்கள். அலனிஸ் ஒபொம்சவின் இதை 1984இல் படமாக்கியிருக்கிறார். தேடிப் பாருங்கள். கடலுக்குப் போகத் தடைபோட்ட ஊரில் வளர்ந்தவன் நான், பாதியில் நிறுத்திவிட்டேன்.